பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

(இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளின் நூலகப் பொறுப்பாசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கடற்கரையில் படிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் அப்துல் கலாமில்தான் தொடங்குவார்கள். நானும் அங்கேயே தொடங்குகிறேன். ஆனால் கனவு காணச் சொன்ன கலாமை விட்டுவிடுகிறேன். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் அர்ச்சகர் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசுலாமியச் சிறுவனை, புதிதாக வந்த ஆசிரியர் எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அது ஒன்று. எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன, அங்கே போய் இரவல் வாங்கிப் படித்தேன் என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்ல ஆள் உண்டு. இரண்டாவதை அதிகம் பேர் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு வீடு திறந்திருந்தது, சிறுவன் உள்ளே போனான். சரி. முதுகுளத்தூர் பக்கமோ கடலாடி பக்கமோ ஒரு சேரிப் பிள்ளைக்கு எந்த வீடு திறக்கும்? புத்தகம் இருக்கிற வீடு ஊருக்குள் இருக்கிறது. திண்ணையில் உட்காரலாமா என்பதே கேள்வியாக இருக்கும் தெருவில், அலமாரி வரைக்கும் எப்படிப் போவது? ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக நின்ற இமானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட மண் இது. இங்கே ஒரு பிள்ளை யாரிடமும் கைகட்டி நிற்காமல், உரிமையோடு புத்தகம் கேட்கக்கூடிய இடம் பள்ளி நூலகம்தான்.

உரிமை என்று வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். அதில் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், கதைப் புத்தகங்கள் உட்பட இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கதைப் புத்தகத்தைச் சட்டமே கேட்கிறது! "பாடத்தை முதலில் படி" என்று விரட்டுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நடப்பில் என்ன? புத்தகம் பீரோவுக்குள், சாவி தலைமையாசிரியர் மேசைக்குள். ஏன் பூட்டுகிறோம்? தணிக்கைக்குப் பயந்துதான். இருப்புப் பதிவேட்டில் நாற்பது என்றிருந்து கையில் முப்பத்தெட்டு இருந்தால் யார் பதில் சொல்வது? இந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. கிழிந்ததையும் தொலைந்ததையும் இயல்பான தேய்மானமாக ஏற்றுக் கழிக்கும்படி உத்தரவு கேட்பது உங்கள் சங்கங்களின் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பதுதான். அவர் எந்தச் சாதியில் பிறந்தால் என்ன, விதி நம் பக்கம் இருக்கிறது.

பூட்டைத் திறந்தபிறகும் சாதி உள்ளே வரும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து நூலகப் பதிவேட்டை எழுதும்போது சாதிப் பத்தியும் கூடவே ஏறிவிடுகிறது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, வருகைப் பதிவேட்டிலேயே சாதி விவரம் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. நூலகப் பதிவேட்டுக்குப் பெயரும் வகுப்பும் போதும். அலமாரியைத் துடைக்க எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம், புத்தகம் எடுத்துக் கொடுக்கும் 'நூலகத் தலைவர்' வேலையை யாருக்குத் தருகிறோம் என்பதையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். அந்தத் தாள் பேசும்.

அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது? இங்கே பனை இல்லாத ஊர் குறைவு. அந்தப் பனையின் ஓலையில்தான் நூற்றாண்டுகளாகத் தமிழ் எழுதப்பட்டது. மரமேறி ஓலை வெட்டியவர் கைக்கு அந்த எழுத்து வரவில்லை. பாமா 1992-இல் 'கருக்கு' என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தபோது, பனைமட்டையின் இருபக்கமும் அறுக்கிற அந்தப் பல்லைத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய ஊர் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். நம் மேல்நிலைப் பள்ளிகளில் எத்தனை அலமாரிகளில் அது இருக்கிறது? அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கர், பெரியார்? நன்கொடையாக வந்த பக்திக் கதைகளும் பொதுஅறிவுத் துணுக்குகளுமே அடுக்கை நிறைக்கின்றன.

காசில்லை என்பீர்கள். உண்மை. ஒன்றிய அரசு மும்மொழிச் சண்டையில் சமக்ர சிக்ஷா பணத்தையே நிறுத்தி வைத்ததைப் பார்த்தோம். இருந்தாலும் கிடைப்பதை எடுப்போம். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்த சிறுநூல்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்துள்ளன. கட்டு பிரிக்காமல் இருந்தால் இன்றே பிரியுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்சிடவும் தடையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மண்டபம் முகாம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இன்று 'நூலகம்' இணையதளம் தேடித்தேடிச் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. தாத்தா பாட்டியின் ஊரை அந்தப் பிள்ளைகள் அதில் தேடட்டும்.

கடைசியாக நாட்காட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், அப்பா வீட்டில், பள்ளிக்கு விடுமுறை, பீரோவுக்குப் பூட்டு. பனைப் பருவத்தில் குடும்பத்தோடு தோப்பில் குடிசை போட்டுக் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களின் பிள்ளைகளோ பள்ளிக்கே வர முடிவதில்லை. ஒரு துணிப்பையில் பத்துப் புத்தகம் போட்டு, அந்தப் பிள்ளைகளில் ஒருவரையே பொறுப்பாக்கித் தோப்புக்கு அனுப்பிப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பித் தையல் துருப்பிடிக்கும், ஆகவே நூலால் தைத்து அனுப்புங்கள். எந்தெந்தப் பள்ளி இதை வரும் ஏப்ரலில் தொடங்கும் என்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதிவிடுவோம்.