திருகோணமலையின் கரையும் கடலும்

திருகோணமலைக்கு வருவோருட் பெரும்பாலார் சுவாமி மலையிற் கோணேசரை வழிபட்டு, நிலாவெளிக் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆனால், நகரும் காடும் கடலும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் இடம் இலங்கையில் வேறு உண்டோ என்பது ஐயமே. இரண்டு நாளாவது தங்குவோருக்கே அந்த நெருக்கம் புலனாகும்.

சுவாமி மலைக்குப் போகும் பாதை பிரெடரிக் கோட்டையின் வாயிலூடாகச் செல்கின்றது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இங்குக் கோட்டை எழுப்பினர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் பிடித்த துறையை, அதே ஆண்டு ஆகஸ்டிற் பிரெஞ்சுக்காரர் பறித்துக்கொண்டனர். அத்தனை பேருடைய கண்ணும் ஆழமான அந்தத் துறைமுகத்தின் மீதே இருந்தது.

வாயிலைக் கடந்தால் மரநிழலிலே புள்ளிமான்கள் படுத்திருப்பதைக் காணலாம். அவை வேலிக்குள் அடைபட்டவை அல்ல. கடைத்தெருவுக்கும் கடற்கரைக்கும் தம் விருப்பம்போற் போய்வருவன. குழந்தைகள் கிட்டப் போய் வாழைப்பழம் நீட்டுவது பார்ப்பதற்கு இனிமையான காட்சிதான். எனினும், அதனால் விளையும் தீங்கு பெரிது. மனிதர் கையை நம்பப் பழகிய மான், அவர்கள் எறியும் பொலித்தீன் பையையும் உப்புச்சுவைக்காக மென்று விழுங்கிவிடும். இரைப்பையிற் சேர்ந்த பை செரிப்பதில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்தபடியே அந்தப் பிராணி பட்டினியால் மடிகின்றது. மானை எட்ட நின்று பார்ப்பதே அதற்குச் செய்யும் உபசாரம்.

மலையுச்சியில் இராவணன் வெட்டு என்னும் பிளவருகே நின்று கீழே நோக்கினால், நீலம் கறுத்த கடல் தெரியும். 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடியில் முக்குளித்து, பழங்கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அதற்கு முன்னரே, 1950இல், அயலிலே கிணறு வெட்டியபொழுது செப்புத் திருமேனிகள் கிடைத்திருந்தன. புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

குடாவின் அடியில் ஆழ்பள்ளம் ஒன்று கரைக்கு மிக அண்மை வரை நீண்டு வருகின்றது. கப்பல்களை ஈர்த்த ஆழமே திமிங்கிலங்களையும் ஈர்க்கின்றது. நீலத் திமிங்கிலம், எண்ணெய்த் திமிங்கிலம் ஆகிய இரண்டையும் வைகாசி முதற் புரட்டாதி வரையான மாதங்களிற் படகிலிருந்து காணலாம். வாய்ப்பிருந்தால் மலையுச்சியிலிருந்தே அவை விடும் நீர்த்தாரை கண்ணிற்படும். படகோட்டி இயந்திரத்தைத் தணித்துத் தொலைவில் நிற்பவராயின் நல்லவர். துரத்துபவரோடு போவதிலும் கரையில் இருப்பது மேல்.

நிலாவெளிக்கு எதிரே, ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிற் புறாமலை உள்ளது. மாடப்புறாக்கள் பாறையிடுக்கிற் கூடு கட்டுவதால் வந்த பெயர் அது. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு குண்டு சுட்டுப் பழகும் இலக்காகவும் இருந்ததாம்! 1963இற் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீரில் மிதந்தால், முழங்காலளவு ஆழத்திலேயே முருகைக்கற் சோலை தொடங்கிவிடும். கிளி மீன்கள் கல்லைக் கொறிக்கும் ஓசைகூடக் காதில் விழும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் வரும்; மனிதரைக் கண்டு அவையே விலகிப்போகும்.

இந்த முருகைக்கல் வெறுங் கல்லன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தம் உடலிலிருந்து சுண்ணாம்பு சுரந்து கட்டிய வீடு. கட்டியாக வளரும் வகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே உயரும். ஆகவே, ஒரு மீற்றர் உயரக் கல்லொன்று நூறாண்டளவு உழைப்பு. வற்று நேரத்தில் அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர் அதனை ஒரு நிமிடத்தில் நொறுக்கிவிடுகின்றனர். நீந்தத் தெரியாதவர் மணலில் இருந்து புறாக்களைப் பார்க்கலாம். அதுவும் குறைவான இன்பமன்று. விடியலிற் சென்று கச்சான் காற்று எழுமுன் திரும்புதல் நன்று. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிக்கும். அப்போது படகுப் பயணத்தை எண்ணவே வேண்டாம்.

பழைமையில் ஆர்வமுள்ளோர் நகரிலுள்ள பழைய இடுகாட்டையும் பார்க்கலாம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சாள்ஸ், பர்மாப் போரில் கடற்படைத் தளபதியாயிருந்து 1852இல் மாண்டவர், அங்கே அடக்கமாயிருக்கின்றார். குடாவின் தென்கரையிலுள்ள கொட்டியாரத்திலேதான் 1660இல் ரொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்.

கடலுப்பு உடலில் ஊறியிருக்கும்போது கன்னியாவுக்குப் போவது தனிச் சுகம். நகரிலிருந்து சிறிது தூரத்திலே, அருகருகே 7 வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் வேறு. இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதிகம். இன்றும் அந்தியேட்டிக்காக வருவோர் உளர். அவர்கள் கிரியை முடியும்வரை மற்றவர் ஒதுங்கி நிற்றல் தகும். பின்னர் வாளி கொண்டு, சூடு குறைந்த கிணற்றிலே தொடங்கி, ஒவ்வொன்றிலும் மொண்டு வார்த்துக்கொள்ளலாம்.