ராத்திரி பத்து மணிக்கு போனை யார் எடுப்பாங்க?

"ஆபீஸுக்கு போன் சிஸ்டம் செட் பண்றது அப்படி என்ன பெரிய வேலை?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். பதிலுக்கு நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன்.

நான் இந்த வேலைக்கு வந்தப்போ ஈபிஏபிஎக்ஸ் காலம் முடிஞ்சுக்கிட்டிருந்தது. சுவரில் ஒரு பெட்டி, அதிலிருந்து கத்தையா வயர். புரோகிராம் பண்ண கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. ஒரு போன் முன்னாடி உட்கார்ந்து, அழுக்கேறிப்போன மேனுவலைப் பார்த்து நம்பர் நம்பரா அழுத்தணும். சரின்னா ஒரு மாதிரி பீப், தப்புன்னா வேற மாதிரி பீப். நடுவுல யாராவது டீ வேணுமான்னு கேட்டா, திரும்ப முதல்லேர்ந்து.

அப்புறம் ஆஸ்டெரிஸ்க் பக்கம் வந்தேன். 1999-ல் மார்க் ஸ்பென்சர்னு ஒரு அமெரிக்க மாணவர், தன்னோட சின்ன லினக்ஸ் கம்பெனிக்கு போன் சிஸ்டம் வாங்க விலை கட்டுப்படியாகாம தானே எழுத ஆரம்பிச்ச மென்பொருள் அது. இலவசம். ஒரு சாதாரண கம்ப்யூட்டரே எக்ஸ்சேஞ்ச் ஆகிடும். அதோட மூளைக்குப் பேரு டயல்பிளான். கால் வந்தா முதல்ல எங்கே போகணும், அடுத்து எங்கே, யாரும் எடுக்கலைன்னா எங்கேன்னு வரிசையா எழுதி வைக்கணும். அந்த மூணாவதைத்தான் நான் எழுதல.

ஒரு சின்ன ஆஸ்பத்திரி. காலை 8 மணியிலிருந்து ராத்திரி 8 வரை கால் ரிசப்ஷனுக்குப் போகணும், அதுக்கப்புறம் நைட் சிஸ்டர் ரூமுக்கு. டயல்பிளான்ல ஒரே ஒரு நேர நிபந்தனை. மதியம் 3 மணிக்கு டெஸ்ட் பண்ணேன், ரிசப்ஷன்ல மணி அடிச்சது. நைட் மோடைக் கையால மாத்திப் பார்த்தேன், சிஸ்டர் ரூம்ல அடிச்சது. கையெழுத்து வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு போன் வந்தது. "தம்பி, உடனே வாங்க."

முந்தின ராத்திரி ஒரு அப்பா, குழந்தைக்கு வலிப்பு வந்து போன் பண்ணியிருக்கார். நாலு தடவை. யாருமே எடுக்கல. ஆட்டோ பிடிச்சு நேரா வந்துட்டார். குழந்தை பிழைச்சுக்கிச்சு. ஆனா அவர் வராண்டாவில் நின்னு கேட்டது என்னைத்தான்: "எடுக்க மாட்டீங்கன்னா எதுக்குங்க நம்பர் போட்டிருக்கீங்க?"

ரிசப்ஷன் அக்கா, "காலையிலேர்ந்து ஒரு கால்கூட வரல"ன்னு சொன்னாங்க. மாடியில சிஸ்டர் ரூம்லயோ மணி ஓயவே இல்ல. எனக்கு எதுவுமே புரியல. கால் பதிவைத் திறந்தேன். அந்த அப்பா பேச முயற்சி பண்ணது ராத்திரி 10.10-க்கு. பதிவுல இருந்தது 16.40.

ஐந்தரை மணி நேர வித்தியாசம். நம்ம ஊர் கடிகாரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள அதே வித்தியாசம். சர்வரை இன்ஸ்டால் பண்ணப்போ டைம் ஜோனை மாத்தாம விட்டிருக்கேன். சர்வரோட காலை 8 மணின்னா நமக்கு மதியம் ஒன்றரை; அதோட ராத்திரி 8 நமக்கு நடுராத்திரி ஒன்றரை. அதனால ராத்திரி எட்டுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் எல்லா காலும் விளக்கணைச்ச ரிசப்ஷன்ல அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நான் டெஸ்ட் பண்ண மதியம் 3 மணி ரெண்டு கடிகாரத்துக்குமே பகல்! அதான் மாட்டல.

டைம் ஜோனைச் சரிபண்ண ஒரே ஒரு கமாண்ட். ஆனா அதோட விடல. பகலோ ராத்திரியோ, ரிசப்ஷன்ல 20 விநாடிக்குள்ள எடுக்கலைன்னா சிஸ்டர் ரூம், அங்கேயும் எடுக்கலைன்னா டியூட்டி டாக்டரோட செல்போன்னு எழுதினேன். கடிகாரம் தப்பினாலும் கால் ஒரு மனுஷங்ககிட்ட போய்ச் சேரணும், இல்லையா?

அந்த அப்பாவிடம் போய் என் தப்புதான்னு சொன்னேன். அவர் டெக்னிக்கலா எதுவும் கேட்கல. "இப்ப அடிச்சா எடுப்பாங்களா?"ன்னு மட்டும் கேட்டு, என் முன்னாடியே நம்பரைப் போட்டார். மூணாவது மணியில ரிசப்ஷன் அக்கா எடுத்தாங்க. அவர் பேசாம கட் பண்ணிட்டு உள்ளே போயிட்டார்.

இப்பவும் எந்த இடத்துல சிஸ்டம் போட்டாலும், முதல் வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் செல்லிலிருந்து அடிச்சுப் பார்ப்பேன். அந்த ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் பண்ணேன். நாலாவது நாள் நைட் சிஸ்டர் குரலைக் கேட்டதுமே கண்டுபிடிச்சுட்டாங்க. "நீங்கதானா தம்பி? வைங்க, லைன் பிஸியாகுது."