இரவு வேலையும் உணவும்



மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இரவிலும் விளக்கு அணைவதில்லை. பகலிற் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியுமுன் உருளைகளுக்குள் செல்லும். அதனருகே விழித்திருப்பவர் எப்பொழுது உண்பது?

பலர் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு வந்து, நள்ளிரவு கடந்தபின் சோற்றுப் பொதியை அவிழ்க்கின்றனர். பசி நியாயமானதே, வேளைதான் பிழை. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அதன் இயக்கத்தை ஆராய்ந்த மூவருக்கு 2017இல் நோபெல் பரிசு கிடைத்தது. இரவில் இன்சுலினின் வேலை மந்தமடைவதால், அதே சோறு பகலிலும் பார்க்க இரவிலே குருதியிற் சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்தும். இரவு வேலையாளரிடம் நீரிழிவு மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதப்படுகிறது.

ஆகவே சோறு, பருப்பு, கீரை, கருவாடு யாவும் மாலையில், புறப்படுமுன். இரவுக்கு அவித்த கடலையும் ஒரு வாழைப்பழமும் போதும். தேயிலைக்கு நடுவே நிற்பவரிடம் தேநீரைக் குறைக்கச் சொல்வது எளிதன்று. எனினும் கடைசிக் கோப்பை இரண்டு மணிக்குள் முடியட்டும். இல்லையேல் காலை உறக்கம் கெடும். வீடு திரும்பியதும் ஒரு ரொட்டி உண்டு படுக்கலாம். சம்பலில் மிளகாய் குறைந்தால் நெஞ்செரிவும் குறையும்.

மாலையிற் சமைப்பது யார் என்பீர்கள். மனைவியோ கொழுந்து நிறுத்துவிட்டுப் பொழுதுசாயத்தான் வருவார். பகலில் உறங்கி எழுந்தவர் உலையை வைத்தால் என்ன?