வைகறைத் துணை
(கொல்லிமலையிற் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



நாள்தோறும் காலையில், இறைவன் அன்புடன் நம் அருகிருக்கின்றான் என்னும் ஊக்கத்தோடு எழுவது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு எமக்குக் கட்டளையாயிற்று. மங்கலம் நிறைந்த மனையில் இஃது எளிது. சாவு நேர்ந்த மனையிலோ பொழுது விடிதலே பெருந்துன்பம்; உறக்கத்தில் மறந்திருந்தது கண் விழித்த கணத்தில் மீண்டும் நினைவுக்கு வருமன்றோ? அத்தகைய மனையினர் சிலர் இவ்வவையில் உளர். அவர்களை உள்ளத்திற்கொண்டே பேசுகின்றோம்.

ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு என்னும் ஆங்கிலேய தம்பதிகள் 1913-ஆம் ஆண்டில் மணம்புரிந்து இக்கொல்லிமலையிற் குடியேறினர். இன்று எழுபது கொண்டை வளைவுகளையுடைய பாதையில் நாம் வண்டியில் ஏறி வந்தோம். அந்நாளில் டோலியும் குதிரையும் காலுமே துணை. அறப்பள்ளி ஈசுவரன் வீற்றிருக்கும் மலையில் நின்று பாதிரியாரைப் பேசுவானேன் என்று பெரியோர் சிலர் கருதலாம். இம்மலை மக்களுக்கு அவர்கள் மருந்தும் கல்வியும் அளித்தனர். எமக்கு அதுவே போதும்.

அவர்தம் மகன் பால் 1914-இல் இம்மலையிற் பிறந்தவன். 1923 முதல் தங்கையுடன் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துவந்தான். 1929 ஜூனில் தந்தை கருநீர்ச் சுரத்தால் இம்மலையில் இறந்தார். அச்செய்தி தந்தியில் முன்னே போயிற்று. அவர் உயிரோடிருக்கையில் மகனுக்கு எழுதிய கடிதமோ கப்பலிற் சென்று பின்னே சேர்ந்தது! பதினான்கு வயதுச் சிறுவன் அதனைப் பிரித்த நிலையை எண்ணிப் பாருங்கள்.

அக்கடிதத்தில் துக்கத்துக்கு மருந்தொன்றும் இல்லை. எழுதியவர் தம் முடிவை அறியார். குதிரைமீது காற்று வீசும் மலைமுகடுகளிற் சென்றபோது கண்ட மண்ணையும் பாறையையும் உதிர்ந்த சருகுகளையும் பற்றி எழுதியிருந்தார். இவற்றைக் கண்டு மகிழக் கல்வி வேண்டா, உற்று நோக்கி இறைவனுக்கு நன்றி செலுத்தினாற் போதும் என்பது அதன் கருத்து. அற்புதத்தை எதிர்நோக்கிப் படுக்கையிற் கிடப்பார்க்கு இது சிறிதாகத் தோன்றலாம். துக்கத்தில் உள்ளார் கைக்கு எட்டுவது இத்துணையே என்பது எம் துணிபு. அம்மகன் மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்தியமை உலகறிந்தது.

கைம்பெண்ணான அம்மையாரின் கதை இன்னும் அரிது. சமவெளியிற் பல்லாண்டு ஊழியம் செய்து, எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெற்று, ஊர் திரும்பாமல் இம்மலைக்கே மீண்டார். இடுப்பெலும்பு முறிந்த பின்னரும், இரு கைகளிலும் மூங்கிற் கோல் ஊன்றியும் மட்டக்குதிரை ஏறியும் ஊர் ஊராகச் சென்றார். நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க உழைத்தார். கணவர் மறைந்த இடத்தில் அவருக்கு எத்தனை விடியல்கள்! 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதிற் காலமானார். கணவர் கல்லறைக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.

நாளை வைகறையில் ஐயாற்றங்கரையிற் கூடி அறப்பள்ளி சந்நிதிக்குச் செல்வோம். யாம் கூறிய மனையினர் சற்று முன்னரே வருக, யாமும் அங்கிருப்போம். பேச்சு வேண்டா. ஆற்றையும் மரங்களையும் பார்த்துக்கொண்டிருப்போம்.