கிண்ணத்தில் மூன்று நாணயம்

(நம் குடியிருப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் இளையரசனேந்தல்காரன். சின்ன வயதில் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போனால் பலூன் சுடும் கடையை விட்டு நகரமாட்டேன். கையில் காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது.

விடுமுறைக்கு வந்த என் மகன், நின்டெண்டோ ஸ்விட்சில் 'தி ஹவுஸ் ஆஃப் தி டெட்' ஆடக் கற்றுக்கொடுத்துவிட்டு, பெட்டியையும் எனக்கே விட்டுப் போனான். 1990களில் சேகா நிறுவனம் கொண்டுவந்த, காசு போட்டு ஆடும் ஸாம்பி ஆட்டம் இது. 2022இல் வீட்டுக்கென்று புதுப்பித்து வந்தது. நடமாடும் பிணங்கள் பாய்ந்து வரும், சுட வேண்டும். நடுவில் வரும் அப்பாவி மனிதரைச் சுட்டால் நம் உயிரில் ஒன்று குறையும்.

அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். ஒருநாள் மாலை என் வீட்டுக்காரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மா உள்ளே வந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். நல்லவேளை, சுளுக்கோடு போயிற்று.

வங்கியில் வருடக்கணக்காகக் கணக்குப் பார்த்தவன், இந்தக் கணக்கைக் கோட்டை விட்டேன். கடையில் உயிர் போனால் இயந்திரம் மறுபடி காசு கேட்கும். அந்தக் காசுதான் கடிவாளம். வீட்டில் அது இல்லை.

இப்போது டிவி பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் தினம் மூன்று ஒரு ரூபாய் நாணயம். ஆட்டத்துக்கு ஒன்று உண்டியலுக்குப் போகும். கிண்ணம் காலியானால் டிவியை அணைத்துவிடுவேன். ஹெட்போன் கிடையாது, சத்தத்தைக் குறைத்து வைப்பேன்.

இன்னொன்று: அமெரிக்கத் தரச்சான்றில் இது 17 வயது நிரம்பியவர்களுக்கான ஆட்டம். வயதைப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்களே, நமக்கும் ஒரு கிண்ணம் வேண்டும்.