நைனாவின் மூன்று அட்டைகள்

(விரிஞ்சிபுரம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். பேங்க்ல உட்கார்ந்து அடுத்தவன் காசை எண்ணுற குமாஸ்தா நான். இன்னைக்குக் கவிதை இல்லை. போன வருஷம் நைனா செத்த பிறகு அவரோட தகரப்பெட்டியைத் திறந்தோம். உள்ளே மூணு அட்டை.

முதல் அட்டை 2009இல் வந்தது. கலைஞர் பெயரில் காப்பீடு. குடும்பத்துக்கு ஒரு லட்சம். 2011இல் ஆட்சி மாறியது, அட்டை செத்தது. 2012 ஜனவரியில் 'முதலமைச்சரின் விரிவான' என்று வேறு பெயரில் காப்பீடு வந்தது, இரண்டாவது அட்டை. 2018இல் பிரதமர் திட்டத்தோடு அதைச் சேர்த்தார்கள், மூன்றாவது. சட்டமன்றத்துக்கென்று 2010இல் திறந்த கட்டடமே கட்சிச் சண்டையில் 2014இல் ஆஸ்பத்திரி ஆனது. அதில் நமக்கு வருத்தமில்லை, ஆஸ்பத்திரி நல்லதுதானே. 2020 டிசம்பரில் திறந்த அம்மா மினி கிளினிக்கை 2022இல் மூடினார்கள்.

பொய் சொல்லக் கூடாது. எங்க தெருப் பையனுக்கு இதய ஆபரேஷன் அந்த அட்டையில்தான் நடந்தது. நைனாவுக்கு வந்தது வேற. முப்பது வருஷம் டேனரியில் ஈரத்தோல் இழுத்துப் போட்டவர். குரோம் தண்ணி பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் குழிப்புண். ராத்திரியானா இழுப்பு. பெரியாஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தாங்க. "பத்து நாள் தண்ணியில கை வைக்காதே"ன்னாங்க. பத்து நாள் கூலியை எவன் கொடுப்பான்? மூணு அட்டையிலும் அதற்கு இடமில்லை.

இடம் இருந்தது 1948இன் இ.எஸ்.ஐ. சட்டத்தில். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. குரோமியத்தால் வரும் நோய் தொழில்நோய் என்றே அதன் மூன்றாம் அட்டவணை சொன்னது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1944இல், பேராசிரியர் அதர்கார் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த சட்டம். அட்டை, அவர்கள் பார்த்துக் கொடுப்பது. இது நாம் கேட்டு வாங்க வேண்டியது. கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. ஆனால் நைனா பெயர் ரிஜிஸ்டரிலேயே இல்லை. "கேட்டா நாளைக்கு வராதேம்பான்டா" என்பார். வீட்டுத் திண்ணையில் ஷூ அப்பர் தைக்கிற நம்ம அக்காமார் பெயரும் இல்லை.

அந்தச் சட்டத்தையும் விழுங்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 செப்டம்பர் 23 அன்று, எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த மாநிலங்களவையில் குரல் வாக்கில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவித்தால், ஒரே ஆள் வேலை செய்யும் இடத்துக்கும் இ.எஸ்.ஐ. உண்டு என்கிறது அது. அறிவித்தால்! உள்ளே உட்கார்ந்து கை தூக்கியவரும் வெளியே நின்றவரும் நம்ம தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருவார்கள். புது அட்டை ஏதாவது கொண்டுவருவார்கள். வாங்கிக்குங்க. வாங்கிக்கிட்டு, ரிஜிஸ்டரைப் பற்றிக் கேளுங்க.

சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். இ.எஸ்.ஐ.க்குப் பிடித்திருக்கிறானா, நம்பர் போட்டிருக்கிறானா, உட்கார்ந்து பார்த்துவிடலாம்.