பழைய கூட்ஸி வாங்கப் போன கதை

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அயல்நாட்டுப் பணி அனுபவங்கள்'. நாலு பக்கம் எழுதியும் கொண்டு வந்தேன். நேற்று சாயங்காலம் நாங்கள் இருந்த விடுதி அறையைப் பார்க்கலாம் என்று போனபோது, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், "சார், பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணு வருது. நல்ல விலை சொல்றாங்க. வாங்கலாமா?" என்று கேட்டார். அந்த வண்டியின் உற்பத்தி 1996லேயே நின்றுவிட்டது. அவர் பிறப்பதற்கு முன்னால் நின்றுபோன வண்டி! அவருக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதே கேள்வியோடு நான் ஒரு வசந்த காலம் முழுக்க அலைந்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன். எழுதிய நாலு பக்கம் பையிலேயே இருக்கட்டும்.

புதிதாக வந்த பிளஸ் டூவை முடித்து 1980ல் இங்கே நுழைந்த முதல் கூட்டம் நாங்கள். நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கில மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்று இருந்தது. அதில் ஒரு முழுப்பக்கப் படம். எஞ்சினின் இரண்டு சிலிண்டர்களும் டாங்கிக்குக் கீழே இடமும் வலமுமாக, மாட்டுக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மோட்டோ கூட்ஸி. அப்போது நாங்கள் 'குஸ்ஸி' என்றுதான் சொன்னோம். அந்த ஊருக்குப் போன பிறகுதான் நாக்கு திருந்தியது. அந்தப் படத்தை என்னோடு சேர்ந்து பார்த்த நண்பன் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் மேடை ஏறி வந்துவிடுவான் என்பதால் சொல்லவில்லை.

கோவையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஜவுளி இயந்திரத் தொழில் வழியாக இத்தாலியில் பெர்கமோ பக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து வடமேற்கே லெக்கோ என்ற ஊர். அதைத் தாண்டி ஏரிக்கரையோரமாக 10 கிலோமீட்டர் போனால் மாண்டெல்லோ தெல் லாரியோ. ஒரு பக்கம் கோமோ ஏரி, முதுகுப் பக்கம் கிரிஞா மலை, நடுவில் கூட்ஸி தொழிற்சாலை. 1921ல் தொடங்கியது. கார்லோ கூட்ஸி, ஜார்ஜோ பரோதி, ஜொவான்னி ரவெல்லி என்று மூன்று பேர் முதல் உலகப் போரில் விமானப் பிரிவில் இருந்தபோது சேர்ந்து போட்ட திட்டம் அது. ரவெல்லி 1919ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாகத்தான் இன்றைக்கும் டாங்கியில் கழுகுச் சின்னம். தொழிற்சாலைக்குள் ஒரு காற்றுச் சுரங்கம் உண்டு. 1950 வாக்கில், ஆள் உட்கார்ந்த நிலையில் முழு வண்டியையும் நிறுத்திச் சோதிக்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். மெக்கானிக்கல்காரர்கள் அந்தப் பக்கம் போனால் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள்.

2019 மார்ச். மாண்டெல்லோவில் ஒரு பெரியவர், 78 வயது, தச்சு வேலை செய்து ஓய்ந்தவர், தன்னுடைய 850 டி3 வண்டியை விற்கப் போவதாக எங்கள் கம்பெனி ஃபிட்டர் ஒருவர் சொன்னார். 1977ல் புதிதாக வாங்கியது. ஒரே கை. அந்த சனிக்கிழமையே போய்விட்டேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 844 சிசி. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே 90 டிகிரி. கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும், காரில் இருப்பது போல. கிளட்ச்சும் காரில் இருப்பது போன்ற உலர் கிளட்ச். செயின் கிடையாது, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட்தான். கால் பிரேக்கை மிதித்தால் பின் டிஸ்க்கோடு முன் டிஸ்க்கில் ஒன்றும் சேர்ந்து பிடிக்கும். 1975லேயே இது! எடை 240 கிலோவை ஒட்டி. நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி பக்கவாட்டில் ஓர் உலுக்கு உலுக்கும். கிராங்க் நீளவாக்கில் இருப்பதன் விளைவு. தெரியாதவர்கள் பயந்துபோவார்கள். எனக்கோ புல்லரித்தது.

பெரியவர் பட்டனை அழுத்தினார். முதல் அழுத்தில் பிடித்துக்கொண்டது. 11 வருஷமாக ரோட்டுக்கே போகாத வண்டி. 2008ல் அவர் மனைவி படுத்த படுக்கையானபோது நிறுத்தியதாம். "ஆனா கைவிடல. மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓட விட்டு, துடைச்சு மூடி வைப்பேன்" என்றார். குரோமிய பாகங்களில் முகம் பார்க்கலாம். பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தது, சேஸிஸ் எண் ஒத்துப்போனது, முதலில் கொடுத்த நம்பர் பிளேட்டே இன்னும் இருந்தது. பழைய வண்டிக்கு அந்த ஊரில் இவை பெரிய விஷயம். பதிவிலிருந்து நீக்கப்பட்ட வண்டி என்றால் மறுபடி உயிர் கொடுக்க ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டும். விலை 6,000 யூரோ என்றார். என் கை செக் புத்தகத்தைத் தேடியது. நல்ல வேளை, அது வீட்டில் இருந்தது.

வீட்டில் என் மனைவியிடம் கேட்டேன். அவள் சொன்னது: "வாங்கலாமா வேண்டாமான்னு நீங்க என்னைக் கேக்கல. நான் சரின்னு சொல்லணும்னு கேக்கறீங்க." பெண்ணுக்கு மேல்படிப்புக் கட்டணம் கட்ட வேண்டிய வருஷம் அது. அதை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்கு உறைத்தது.

ராத்திரி முன்வரிசை நண்பனுக்குப் போன் போட்டேன். இங்கே இருபத்தைந்து வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். ஊர், ஏரி, கழுகு எல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆயிலை இறக்கிப் பாத்தியாடா?" என்றான்.

பார்க்கவில்லை.

"அந்தக் காலத்து கூட்ஸிக்கு அலுமினிய சிலிண்டர்ல ஹார்டு குரோம் பூசியிருப்பான். போய்ப் பாரு."

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், மாணவர்களுக்காக. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், எடை குறைவு, பிஸ்டனும் அலுமினியம் என்பதால் சூட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரியும். ஆனால் மெத்து. பிஸ்டன் வளையம் உரசினால் தாங்காது. அதனால் உள்சுவரில் கெட்டியான குரோமியப் பூச்சு. புதிதில் அருமையான ஏற்பாடு. வருஷக்கணக்கில் நின்று ஈரம் உள்ளே இறங்கினால், பூச்சுக்கு அடியில் அலுமினியம் அரித்து, குரோமியம் செதில் செதிலாக உரியும். உரிந்தது ஆயிலோடு போய் கிராங்க் பேரிங்கில் உட்காரும். பிறகு வந்த வண்டிகளில் நிக்கலோடு சிலிக்கன் கார்பைடு கலந்த பூச்சுக்கு மாறிவிட்டார்கள். நான் பார்த்தது அதற்கு முந்தியது.

அடுத்த சனிக்கிழமை பெரியவரிடம் அனுமதி கேட்டு ஆயிலை இறக்கினோம். கையோடு ஒரு காந்தம் கொண்டு போயிருந்தேன். ஆயிலில் விட்டுத் துழாவினேன். சுத்தமாக வந்தது. சந்தோஷத்தில் அங்கிருந்தே நண்பனுக்குப் போன் போட்டேன்.

"டேய், குரோமியம் காந்தத்துல ஒட்டுமாடா? மெட்டலர்ஜி பேப்பர் எழுதறப்ப எனக்குப் பக்கத்து பெஞ்சுலதானே இருந்தே?"

ஒட்டாது. அலுமினியமும் ஒட்டாது. பெரியவரிடம் ஒரு வெள்ளைத் துணி வாங்கி ஆயிலை வடிகட்டினேன். துணியில் ஜிகினா தூவியது மாதிரி மின்னியது. பிறகு சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் ஒரு பக்கத்து சிலிண்டர் ஹெட்டையும் கழற்றினோம். கொம்பு மாதிரி நீட்டி நிற்பதால் அது சுலபம். டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு திட்டு உரிந்திருந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். பெரியவருக்கு இதெல்லாம் புரியவில்லை. 'எஞ்சின் கொஞ்சம் வேலை வாங்கும்' என்று பொதுவாகச் சொல்லி விலையைக் குறைக்கலாம். இல்லை, இருப்பதைச் சொல்லலாம். துணியைக் காட்டி இருப்பதைச் சொன்னேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். 4,500 கொடுங்கள் போதும் என்றார். பிறகு, "எதனால இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

எதனால் என்று எனக்குத் தெரியும். நின்றுபோனது ஒரு காரணம். இன்னொன்று, மாதம் ஒரு தடவை அந்தப் பத்து நிமிஷம். எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். எஞ்சின் முழுச் சூடு ஏறி, நெடுந்தூரம் ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும். பத்து நிமிஷத்தில் நிறுத்தினால் உள்ளேயே படியும். பதினோரு வருஷம் அவர் அந்த வண்டிக்குச் செய்த சீராட்டுதான் அதை அரித்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அப்படியே மூடி வைத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது.

"வயசாயிடுச்சு" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது.

சரி, 4,500க்கு வாங்கலாமா? நண்பன் கணக்குப் போடச் சொன்னான். "வாங்கற விலையை விடு. ஓட்டற விலையைச் சொல்லு." சிலிண்டர் கிடைக்காதோ என்று பயந்தேன். அந்தக் கவலையே வேண்டாம். கூட்ஸி சிலிண்டர் செய்யும் கிலார்தோனி என்ற நிறுவனம் அதே மாண்டெல்லோவில்தான் இருக்கிறது! பிஸ்டனோடு ஒரு ஜோடி, ஆயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் உள்ளே. பேரிங் ஷெல், டயர், பிரேக் ஹோஸ், பேட்டரி தனி. கிராங்கே கீறியிருந்தால் அதற்குக் கணக்கில்லை. எல்லாம் சேர்த்தும் என்னால் முடியாத தொகை இல்லை.

பணம் கடைசியில் தடையாக இல்லை. நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி ஃபிளாட். கீழே பொது நிலவறையில் பெட்ரோல் உள்ள எதையும் வைக்கக் கூடாது. ஓய்வுக்கு இரண்டே வருஷம் பாக்கி. ஓய்வு பெற்றால் ஊர் திரும்புவது என்று முடிவு. அப்போதிருந்த விதிப்படி, தயாராகி 3 வருஷத்துக்கு மேலான வண்டியை என்னைப் போன்ற ஆள் இந்தியாவுக்குக் கொண்டுவர வழியில்லை. ஆக, வேறெங்கோ வாடகைக்கு ஷெட் பிடித்து, ஆறு மாதம் ரிப்பேர் செய்து, ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டு விற்க வேண்டும். எனக்கு அந்த வண்டி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்த வண்டிக்கு வேண்டியது என்னிடம் இல்லை. இடம் இல்லை, வருஷமும் இல்லை. அதற்கு இன்னொரு முறை நின்று கிடக்கிற கதி வரக்கூடாது.

வேண்டாம் என்று நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. பெரியவர் கோபப்படவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "நீங்க கழட்டினீங்க, நீங்களே பூட்டுங்க" என்றார். நியாயம்தானே? நான்கு சனிக்கிழமைகள் போனேன். புதுச் சிலிண்டர்களை அவரே கடை வரைக்கும் நடந்துபோய் வாங்கி வந்தார். பேரிங் ஷெல்லில் கீறல் இருந்தது, கிராங்க் தப்பித்திருந்தது. எல்லாவற்றையும் பூட்டி, இன்சூரன்ஸ் போட்டு, ஜூன் மாதம் ஒரு காலையில் சாவியை என்னிடம் கொடுத்தார். இந்திய லைசென்ஸை அங்கே மாற்றித் தரமாட்டார்கள் என்று வெகு முன்பே, நாற்பது வயதில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி வாங்கிய இத்தாலிய லைசென்ஸ் அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது. ஏரிக்கரையோரமாக வரென்னா வரைக்கும் போய்த் திரும்பினேன். வலது காலில் கியர் போட்ட பழைய புல்லட் பழக்கம். முதல் வளைவிலேயே கியர் என்று பிரேக்கை மிதித்து, முன்னும் பின்னும் சேர்ந்து பிடித்து, நெஞ்சு வாய்க்கு வந்தது. மற்றபடி, நூலகத்துப் படத்தில் இல்லாத ஒன்று, முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தச் சிலிண்டர்களின் சூடு.

இலையுதிர் காலத்தில் லெக்கோ இளைஞர் ஒருவர் வாங்கிப் போனார். சொந்த ஷெட் உள்ளவர். பெரியவருக்கு முதலில் கேட்டதைவிட நல்ல விலை.

முன்வரிசையில் இருப்பவன் இன்றைக்கும், "நீ வாங்கியிருக்கணும்டா, அந்தப் பெண்ணு படிப்பு எப்படியும் முடிஞ்சிருக்கும்" என்கிறான். சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100 தம்பி, நீங்களும் அவனிடமே போங்கள். போகும்போது ஆர்.சி. புத்தகத்தையும் ஆயிலையும் பார்த்துவிட்டுப் போங்கள். வண்டியை விடுதியில் எங்கே நிறுத்துவீர்கள் என்றும் கேட்பான்.

இந்தச் சின்ன டப்பாவில் அன்றைக்குத் துணியில் வடிகட்டிய குரோமியச் செதில் கொஞ்சம் வைத்திருக்கிறேன். மெட்டலர்ஜி ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகவும், அலுமினியத்தை விட்டுப் பிரிந்த மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். பக்கத்தில் ஒரு காந்தத்தையும் வையுங்கள்.